பரீட்சை முடிந்த மறுநாள் நான் ஏறப்போகும் பொகவந்தலாவை பஸ்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பரீட்சை இந்த வாரத்தோடு முடிகிறது. கடைசி வினாத்தாளை எழுதிய மறுநாள் காலை எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவது என்பதை இப்போதே முடிவு செய்துவிட்டேன். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பலரும் என்னைப் போலவே பையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லும் பஸ் காலையில் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டு, ஹட்டன் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் ஒரு தனியார் பஸ். நீல நிறம். பின் கண்ணாடியில் வேலும் மயிலும் பெரிதாக வரைந்திருக்கும். சாரதி நடுத்தர வயதுச் சிங்களவர், அதிகம் பேசமாட்டார். நடத்துநர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர், இரண்டு மொழியிலும் சரளமாகப் பேசுவார். கட்டணம் மற்ற சாதாரண பஸ்களில் வாங்கும் அதே கட்டணம்தான்.

விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு முதல் கவலை பைதான். ஒரு வருடத்துக்கான துணிமணி, போர்வை, பிரதி எடுத்த பாடக்குறிப்புகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நிற்போம். முன்பொரு முறை வேறொரு பஸ்ஸில் என் பைக்கும் ஒரு ஆளுக்குரிய காசு கேட்டார்கள். கொடுத்தேன். கொடுத்த பிறகும் அதைக் கதவோரமாகத்தான் போட்டார்கள். கினிகத்தேனையில் பிடித்த மழையில் குறிப்புகள் ஊறிப்போயின. இந்த பஸ்ஸில் அந்தத் தொல்லை கிடையாது. நடத்துநர் தாமே இறங்கிவந்து பையை வாங்கி, சாரதி இருக்கைக்குப் பின்னால் நிமிர்த்தி வைப்பார். "எங்கே இறங்குகிறீர்கள் தங்கச்சி?" என்று ஒரு தடவைதான் கேட்பார். இறங்கும் இடம் வருவதற்கு முன்பே பை கதவருகே வந்திருக்கும்.

மிச்சக்காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தாள்களை நீளவாக்கில் மடித்து, தொகைக்கு ஒன்றாக விரலிடுக்குகளில் செருகியிருப்பார். சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்புறம் பேனாவால் தொகையை எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்துக் கொடுப்பார். நாவலப்பிட்டியில் ஆட்கள் ஏறிச் சில்லறை சேர்ந்ததும், வரிசை வரிசையாக வந்து அந்த டிக்கெட்டுகளைத் திரும்ப வாங்கிப் பார்த்துக் காசைக் கையில் வைப்பார். ஐந்து ரூபாய் என்றாலும் மறக்கமாட்டார். அது தமக்கு வர வேண்டிய காசுதான் என்றாலும் எங்கள் தோட்டத்துப் பெண்கள் பலர் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

இந்த பஸ்ஸை நான் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணம் வேறு. வட்டவளையில் மூட்டையோடு ஒரு வயதான அம்மா இறங்கினால், இரண்டு காலும் தரையில் ஊன்றும் வரை சாரதி பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை. "மெதுவாக அம்மாயி" என்று சொல்லி நடத்துநர் மூட்டையை இறக்கிக் கொடுக்கிறார். கொழுந்து பறிக்கும் பெண்களை "ஏய், உள்ளே போ" என்று விரட்டி ஏற்றும் பஸ்களிலும் நான் போயிருக்கிறேன். என் அம்மாவும் கொழுந்து பறிப்பவர்தான். பட்டணத்துக்குப் போய்வரும் நாளில் அவரை யார் எப்படி அழைக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். இருக்கை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குறைகள் உண்டு. இருக்கைகள் நெருக்கம், உயரமான பையன்கள் முழங்காலை மடக்க முடியாமல் தவிப்பார்கள். பாட்டுச் சத்தம் அதிகம், முன்வரிசையில் உட்கார்ந்தால் தலைவலி நிச்சயம். நாவலப்பிட்டியில் ஆள் சேர்வதற்காகச் சில நேரம் நீண்ட நேரம் நிற்கும். கடலை, வடை விற்பவர்கள் ஏறி இறங்குவதால் எனக்கு அது அவ்வளவாகத் தெரிவதில்லை. அவசரமாகப் போகிறவர்களுக்கு எரிச்சல் வரும். நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனை வரையுள்ள வளைவுகளில் வாந்தி வருமென்று பயப்படுகிறவர்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடத்துநரிடம் பொலித்தீன் பையும் இருக்கும், முகம் சுளிக்காமல் தருவார்.

ரயிலில் போகலாமே என்பார்கள். 1884இல் ஹட்டனுக்கு வந்த அந்த ரயில் பாதையை எனக்கும் பிடிக்கும். ஆனால் பொகவந்தலாவைக்குத் தண்டவாளம் இல்லை. ஹட்டன் நிலையத்தில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு படியேறி, மறுபடியும் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். இந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வீட்டுச் சந்திவரைக்கும் எழும்ப வேண்டியதில்லை.

வழியும் நன்றாக இருக்கும். கம்பளை தாண்டி நாவலப்பிட்டிவரை மகாவலி பக்கத்தில் வந்து வந்து மறையும். பேராதனை வளாகத்தை ஒட்டி ஓடும் அந்த ஆறு திருகோணமலைப் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. எங்கள் ஊர் ஆறான கெசல்கமு ஓயாவோ மஸ்கெலி ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. இரண்டு நீருக்கும் நடுவிலுள்ள மலைமுகட்டைக் கடந்துதான் பஸ் எங்கள் பக்கம் இறங்குகிறது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர், ஹட்டன் 1,200 மீற்றருக்கும் மேலே. ஆகவே ஸ்வெட்டரைப் பைக்குள் அடியில் போட்டுவிடாதீர்கள். நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. ஜன்னலைச் சாத்திய பிறகும் குளிரும். டிக்கோயாவைத் தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் எனக்குப் பசி எடுக்கத் தொடங்கிவிடும்.

வீட்டில் எனக்கு வேலையும் காத்திருக்கிறது. தங்கச்சி சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள்; அட்சரகணிதம் சொல்லிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆடித் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்கும் அன்று நான் ஊரில் இருப்பேன், போன வருடம் படிப்பு அதற்கு இடம் தரவில்லை. மஹாபொல புலமைப்பரிசுக் காசில் அம்மாவுக்கு ஒரு நல்ல குடை வாங்கி வைத்திருக்கிறேன். கம்பி வளையாத வகை, மலைக்காற்றுக்குத் தாங்கும்.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். மார்கழி தொடங்கி வைகாசிவரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம், அப்போது ஹட்டன் பஸ்களில் இடம் கிடைப்பது அரிது. இப்போது அந்த நெரிசல் இல்லை. ஆனால் தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டிக்குள் வீதிகளை மூடுவதால், பேராதனையில் நின்று கை காட்டிக்கொண்டிருக்காமல் காலையிலேயே குட்ஷெட்டுக்குப் போய் ஏறிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்யப்போகிறேன். மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று.