ஊமா, மேஜிக்ஜாக், கிராண்ட்ஸ்ட்ரீம்: வீட்டு போனில் எதில் குரல் தெளிவு?

அமெரிக்காவில் வீட்டு லேண்ட்லைனுக்கு மாதாமாதம் அழுவதைக் குறைக்க நினைத்தால் மூன்று பெட்டிகள் (அடாப்டர்கள்) கண்ணில் படும்: ஊமா டெலோ, மேஜிக்ஜாக், கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 (HT801). மூன்றுக்கும் வேலை ஒன்றுதான். பழைய போனின் கம்பியைச் செருகினால், குரலைப் பாக்கெட்டுகள் என்ற சிறு தரவுத் துண்டுகளாக்கி இணையத்தில் அனுப்பும். குரல் கெடும்போது நாம் என்ன செய்ய முடியும் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

இணைய வேகம் போதாமல்தான் குரல் கெடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குரலை இணையத்துக்கு ஏற்ற தரவாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். லேண்ட்லைன் தரமுள்ள ஜி.711 கோடெக்குக்கு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் போதும். 5 மெகாபிட் அப்லோடே தாராளம். ஆனால் வீட்டில் ஒருவருடைய செல்போன் படங்களை கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்ததும் மோடத்தில் வரிசை நீள்கிறது. குரல் பாக்கெட்டும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்கிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும். அதைத் தாண்டத் தாண்ட, இருவரும் சேர்ந்து பேசி, சேர்ந்து நிறுத்துவார்கள்.

இதில் டெலோ முந்துகிறது. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைத்தால், வீட்டிலிருந்து போகும் எல்லாமே அதைக் கடந்துதான் போகும். குரலுக்கு அது முதலிடம் கொடுக்கும். அடிப்படைத் திட்டத்தில் மாதச் செலவு வரியும் அரசுக் கட்டணங்களும்தான். எச்டி (HD, கூடுதல் தெளிவு) குரல் என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சாதாரண போனைச் செருகி, சாதாரண எண்ணுக்குப் பேசினால் கேட்கப்போவது பழைய லேண்ட்லைன் குரல்தான்.

மேஜிக்ஜாக் 2007இல் கணினியின் யுஎஸ்பியில் செருகும் குச்சியாக வந்தது. கணினியை அணைத்தால் போனும் போய்விடும். பின்னால் வந்தவை நேராக ரவுட்டரில் சேர்வதால் அந்தத் தொல்லை இல்லை. ஆண்டுச் சந்தா மலிவு. ஆனால் குரல் விட்டு விட்டு வந்தால் திருத்திப் பார்க்க அதில் எதுவும் இல்லை.

எனக்குப் பிடித்தது எச்டி801. கோடெக்கை நாமே தேர்ந்தெடுக்கலாம். பாக்கெட்டுகள் முன்பின்னாக வந்தால், அவற்றைச் சற்று நிறுத்திவைத்துச் சீராக்கும் ஜிட்டர் பஃபரைக் கூட்டலாம். கொஞ்சம் தாமதம் ஏறும், குரல் உடையாது. எதிரொலி கேட்டால் ஒலி அளவையும் போன் கம்பிக்கான மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) அமைப்பையும் மாற்றிப் பார்க்கலாம். சேவையும் நம் விருப்பம். கனடாவின் வாய்ப்.எம்எஸ் போன்ற இணைய போன் சேவைகளில் வெளிநாட்டு அழைப்புக்கு மலிவு வழியா, உயர்தர வழியா என்று நாமே சொல்லலாம். சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தினம் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மலிவு வழியில் குரலை இடையில் சுருக்கிவிட்டால், வீட்டில் எந்த அடாப்டர் இருந்தும் பயனில்லை. ஆனால் இதில் குரலுக்கு முதலிடம் கொடுக்கும் வேலை ரவுட்டருடையது. அதில் உங்கள் அப்லோட் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு போட்டு, அழைப்புத் தகவலை இடையில் மாற்றிவிடும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற ரவுட்டர் வசதியை அணைத்துவிடுங்கள். ஒருபக்கக் குரல் மட்டும் கேட்கும் சிக்கல் பல வீடுகளில் அதோடு தீரும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாத வீட்டுக்கு, முக்கியமாகத் தனியாக இருக்கும் பெற்றோருக்கு, டெலோவே சரி.

ஒரு விஷயத்தில் மூன்றும் லேண்ட்லைனுக்குக் கீழேதான். செம்புக்கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. இங்கே கரண்ட் போனால் அவசர உதவிக்கான 911கூட அழைக்க முடியாது. மோடம், ரவுட்டர், அடாப்டர் மூன்றையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வீடு மாறினால், சேவையில் 911க்காகப் பதிந்துவைத்த முகவரியையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.