மழைக்காலச் செடிகளுக்கு நான்கு தட்டுப் பசுமைக்குடில்: ரிங்லெட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

குளிர்நாடுகளில் பனிக்காலத்தைச் சமாளிப்பதற்கென்று செய்யப்படும், ஜிப்பு வைத்த பிளாஸ்டிக் உறையும் நான்கு தட்டுகளும் கொண்ட சிறிய பசுமைக்குடில்கள் மலேசியாவின் கேமரன் மலையிலும் கிடைக்கின்றன. நூறு ரிங்கிட்டுக்குள் வாங்கிய அப்படிப்பட்ட ஒன்றை அம்மலையிலுள்ள ரிங்லெட்டில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் நிறுத்தி, வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பயன்படுத்திப் பார்த்தேன். தாராளமாக வாங்கலாம், ஆனால், எதிலிருந்து செடியைக் காக்க வாங்குகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

இது குளிரைப் போக்கும் பொருளன்று. மெல்லிய பிளாஸ்டிக் பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் விரைவாக இழந்துவிடும். குளிர்நாட்டினர் சூடேற்றாத குடிலுக்குள் ஜெரேனியம், ஃபியூஷியா போன்ற மென்மையான செடிகளை வைத்து, உறைபனி இரவுகளில் மெல்லிய வெண்துணியைக் கூடுதலாகப் போர்த்தி, தண்ணீரைப் பெரிதும் குறைத்து, வசந்தம் வரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். மலேசியாவிலேயே மிகக் குறைவாகப் பதிவான வெப்பநிலை, 1978 பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ்தான். ஆகவே உறைபனி நமக்குக் கவலையில்லை. இங்கே நட்ட குச்சிகளை அழுகவைப்பது விடாத மழையும் நாள்கணக்கில் காயாத ஈரமும்தான்.

மழையைத் தடுப்பதில் இக்குடிலைக் குறை சொல்ல இயலாது. தாப்பாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த மல்லிகைக் குச்சிகளையும் வெற்றிலைக் கொடித் துண்டுகளையும், கருக்கிய உமியும் மணலும் கலந்த சிறு பொலிபேக்குகளில் (பிளாஸ்டிக் நாற்றுப் பைகளில்) நட்டு உள்ளே வைத்தேன். வளர்ச்சி மெதுவாகவே இருந்தாலும் பெரும்பாலானவை வேர்பிடித்தன.

உள்ளே தேங்கும் ஈரம்தான் இதன் பெரிய குறை. இரவு முழுவதும் மூடிவைத்தால், காலையில் உறையின் உட்புறமெங்கும் நீர் முத்து முத்தாகப் படிந்து, தட்டுக் கம்பிகளின் வழியே இறங்கி, கீழே உள்ள செடிகளின் இலை இடுக்குகளில் சொட்டுகிறது. உதிர்ந்த பூவிதழ் ஒன்று இலைமேல் ஒட்டிக் கிடந்தால் போதும். அதில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்து தண்டுக்கும் பரவிவிடும். மழை பெய்தாலும் காலையில் ஜிப்பைத் திறந்துவிடுவதும், பழுத்த இலைகளை அன்றன்றே அகற்றுவதும், மண் காய்ந்த பிறகு காலையில் மட்டும், இலையில் படாமல் நீர் ஊற்றுவதும் கட்டாயம். ஜெரேனியத் தண்டு சாறு நிறைந்தது. வெட்டுவாயை உலரவிட்டு நட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் மூடாமல் வைப்பதே நல்லது. ஈரக்காற்றை விரும்பும் வெற்றிலைக்குக் கீழ்த்தட்டு போதும்.

சட்டகம் உறுதியாகவே உள்ளது. அடித்தட்டில் செங்கற்களை அடுக்கி, சுவரோடு கயிற்றால் கட்டிவைத்தால் காற்றுக்குச் சாயாது. உறைதான் தரக்குறைவு, வெயில்பட்ட மடிப்புகள் விறைத்து வெடிக்கத் தொடங்கிவிட்டன, ஜிப்பும் மூலையில் சிக்குகிறது. காய்கறித் தோட்டக்காரர்கள் கூரைக்குப் போடும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் பிளாஸ்டிக்கை வாங்கி மாற்று உறை தைத்துக்கொள்வது மேல். விடியற்காலையில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர்கள், முன்பக்க உறையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, மேற்பகுதியையும் மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தையும் மட்டும் மூடிவைத்தால், பகலில் திறந்துவிட ஆளில்லாவிட்டாலும் செடிகள் பிழைத்துக்கொள்ளும்.