ரௌசு துறைமுகத்தின் விடியற்காலைக் கழுகுப் படகு

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ஷிரெத்தோகோ தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் உள்ள ரௌசு துறைமுகத்திலிருந்து குளிர்காலத்தின் பிற்பகுதியில் புறப்படும் பறவை காணும் படகுகளில் ஒன்றைப் பற்றியது இம்மதிப்பீடு. ஸ்டெல்லர் கடற்கழுகை அருகிலிருந்து படமெடுக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், இதைவிட நம்பகமான வழி கிடைப்பது அரிது. அக்கழுகு தன் குளிர்காலத்தை எவ்வாறு கழிக்கிறது என்று அறிய விரும்புவோருக்கோ இப்படகு பாதியைத்தான் காட்டுகிறது.

ரஷ்யாவின் கம்சத்கா, சகாலின், ஒகோட்ஸ்க் கடற்கரை, ஆமூர் ஆற்றின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை ஒட்டிய தூரக்கிழக்கில் மட்டுமே கூடு கட்டும் இப்பறவை 9 கிலோ வரை எடையும் சுமார் 2.5 மீட்டர் வரை சிறகு விரிப்பும் கொண்டது. கடலில் உறைந்த பனி காற்றாலும் நீரோட்டத்தாலும் தெற்கே தள்ளப்பட்டு, பிப்ரவரி வாக்கில் ரௌசுக்கும் எதிரேயுள்ள குனாஷிர் தீவுக்கும் இடைப்பட்ட நீரிணையில் வந்து சேர்கிறது. இருள் பிரியுமுன் புறப்படும் படகு அப்பனிப்பாளங்களின் விளிம்பில் நின்றதும், பணியாளர்கள் மீன்களை வீசத் தொடங்குகிறார்கள். சூரியன் குனாஷிரின் பின்னாலிருந்து எழும்போது, படகின் ஒரு பக்கத்தில் கழுகுகள் வெறும் கரிய உருவங்களாகத் தெரிகின்றன. மறுபக்கத்தில் மஞ்சள் அலகும் வெண்தோளும் ஒளிபட்டுத் துலங்க, பின்னணியில் ஷிரெத்தோகோ மலைகள் நிற்கின்றன. இவ்வேறுபாட்டை அறிந்த மாலுமி படகை அவ்வப்போது திருப்பி இரு பக்கத்தாருக்கும் வாய்ப்பளித்தது பாராட்டுக்குரியது.

மீன் வீசுவதைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இக்கழுகுகள் ரௌசுக்கு இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வந்ததற்கு முதற்காரணம், இங்கு செழித்திருந்த பொல்லாக் மீன்பிடித் தொழிலும் அதில் சிதறிய மீன்களுமே ஆகும். 1990களில் அம்மீன்வளம் சரிந்தபோது பல கழுகுகள் உள்நாட்டுக் காடுகளில் வேட்டையாடப்பட்ட மான்களின் எச்சங்களை நாடிச் சென்றன. அவ்விறைச்சியில் கிடந்த ஈயக்குண்டுத் துகள்களால் நஞ்சேறி இறந்தன. அதனால்தான் ஹொக்கைடோவில் 2000ஆம் ஆண்டு முதல் மான் வேட்டையில் ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. ஆகவே, படகு தரும் மீனை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கழுகுகள் இங்கு மனிதரின் மீனை அண்டி வாழ்வது சுற்றுலாவுக்கு முற்பட்ட கதை. ஆயினும், இந்த வரலாற்றில் ஒரு சொல்லேனும் படகில் கூறப்படவில்லை என்பதே என் முதன்மையான குறை. இங்கு உடன் காணப்படும் மற்றொரு கடற்கழுகான வெண்வால் கழுகை ஸ்டெல்லர் கழுகின் இளம்பறவையிலிருந்து பிரித்தறிவது எப்படி என்பதைக்கூட யாரும் விளக்கவில்லை. (வெண்வால் கழுகின் வால் குட்டையானது, ஸ்டெல்லர் கழுகின் வால் ஆப்பு வடிவில் நீண்டிருக்கும், இளம்பருவத்திலேயே அதன் அலகும் பருத்தது.)

அறிவிப்புகள் ஜப்பானிய மொழியில் மட்டுமே இருந்தன. பாதுகாப்பு அங்கி எல்லோருக்கும் தரப்பட்டது. கைப்பிடிக் கம்பியருகே இடம் பிடிப்பதில் போட்டி மிகுதி. கேமரா முக்காலி இங்கு இடையூறே தவிர உதவியல்ல. பறவைகள் மிக நெருங்கி வருவதால் 100-400 மி.மீ. லென்ஸ் தாராளமாகப் போதும். குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால், மாற்று மின்கலத்தை உள்சட்டைப் பையில் உடல்வெப்பத்தில் வைத்திருப்பது நல்லது.

பனி எங்கே இருக்கும் என்பதைக் காற்றே தீர்மானிக்கிறது. முந்தைய நாள் கரையை ஒட்டிக் கிடந்த பாளங்கள் மறுநாள் தொலைவுக்கு விலகியிருக்கலாம்; பலத்த காற்றில் பயணமே இரத்தாகலாம். எனவே ஒரே நாளை நம்பி வருவது சரியன்று. ரௌசுவில் இரண்டு மூன்று இரவுகள் தங்கும்படி திட்டமிடுவதே முறை. படகு போகாத காலையில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரருகே நின்றால், வண்ணக்கோலமிட்ட ஹார்லெக்வின் வாத்துகளையும் நீள்வால் வாத்துகளையும் கட்டணம் ஏதுமின்றிக் காண முடியும்.