ஜாத்திலுவி: ஒரு நெல் கிராமத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கலாமா?

பாலித் தீவின் தபானான் மாவட்டத்தில், பத்துக்காரு மலையின் தென்சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஜாத்திலுவி. இந்த விவசாயச் சிற்றூரின் வயல்பகுதிக்குள் நுழையச் சாலையிலேயே சீட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரைவிடக் கட்டணம் கூடுதல். வயலைப் பார்க்கவும் காசா என்று கேட்பவர்களுக்கு நியாயமான பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில், வண்டியை விட்டு இறங்கிச் சாலையோரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கிடைப்பதில்லை.

மலையடிவாரம் வரை படிப்படியாக இறங்கும் வயல்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் யுனெஸ்கோ 2012இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது அந்த அழகை அல்ல, அதைத் தாங்கி நிற்கும் சுபாக் என்ற பாசன ஏற்பாட்டை. பாலியில் ஐந்து பகுதிகளாகப் பரந்து, மொத்தம் சுமார் 19,500 ஹெக்டேர் கொண்ட அந்த மரபுச் சின்னத்தில் ஜாத்திலுவி ஒரு பகுதிக்குள் அடங்கியது. ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2024இல் சிறந்த சுற்றுலா கிராமங்களின் பட்டியலிலும் இதைச் சேர்த்தது. ஆகவே இங்கே கொடுக்கும் காசுக்கு ஈடு கிடைத்ததா என்பதை, தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது நமக்கு விளங்கியதா இல்லையா என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

சுபாக் என்பது ஒரே நீர்மூலத்திலிருந்து பாசனம் பெறும் நிலக்காரர்கள் கூடி நடத்தும் சங்கம். யார் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பது இதில் கணக்கல்ல. நிலம் எந்த வாய்க்காலில் இருக்கிறதோ அந்தச் சுபாக்கில் அவர் உறுப்பினர். அதன் தலைவரைப் பெகாசே என்கிறார்கள். நாற்று விடும் நாள், வாய்க்கால் தூர்வாரும் முறை, கோயில் சடங்குகள், வரப்புத் தகராறு எல்லாம் கூட்டத்தில் பேசித் தீர்க்கப்படுகின்றன. இதை ஏட்டில் படிப்பதைவிட, வரப்பில் நடந்து, தெம்புக்கு என்ற நீர் பங்கிடும் கட்டையின் அருகே குந்திப் பார்ப்பது மேல். வாய்க்காலின் குறுக்கே கிடத்திய மரக்கட்டையில் ஒரே ஆழத்துக்குப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். அகலம் மட்டும் மாறும். எவருக்கு எத்தனை பங்கோ அவருடைய பள்ளம் அத்தனை அகலம். தண்ணீர் பெருகினாலும் வற்றினாலும் விகிதம் குலையாது. பல இடங்களில் இப்போது மரத்துக்குப் பதில் சிமென்ட் வந்துவிட்டது, கணக்கு மட்டும் அதேதான். ஒருவர் தம் பள்ளத்தில் ஒரு விரல்கடை கூட்டி வெட்டினாலும் அவ்வழியே போகிற எல்லாருடைய கண்ணிலும் படும் என்பதால், பூட்டும் காவலும் இல்லாமலே இது நடக்கிறது.

நடைபாதைகள் வண்ணத்தால் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு மணி நேரத்தில் முடிகிற சிறிய சுற்றும் உண்டு, அரைநாள் பிடிக்கிற நெடிய சுற்றும் உண்டு. சிறிய சுற்று படம் எடுப்பவர்களுக்கானது. நெடிய பாதையில்தான் வாய்மடைகள், வயலின் தலைப்பில் நிற்கும் சிறு கோயில்கள், காற்றில் கடகடத்துப் பறவைகளை விரட்டும் மூங்கில் காற்றாடிகள் எல்லாம் வரும். உள்ளூர் விவசாயி ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவே இந்தப் பயணத்தில் மிகவும் பயனுள்ள செலவு என்பேன். அவர் இல்லையேல் தெம்புக்குவைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவோம்.

அப்படி ஒரு வழிகாட்டியிடம் கட்டாயம் கேட்க வேண்டியது, பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஏன் ஒரே பருவத்தில் நிற்கின்றன என்பதை. எல்லாரும் சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்து, சேர்ந்து தரிசு போட்டால் எலிக்கும் புகையான் பூச்சிக்கும் அடுத்த தீனி கிடைக்காது. 1970களில் இந்தோனேசிய அரசு குறுகியகால வீரிய ரகங்களைக் கொடுத்து, முடிந்த மட்டும் போகங்களை எடுக்கச் சொன்னபோது இந்த ஒழுங்கு குலைந்தது. பூச்சி பெருகியது, மருந்துச் செலவு ஏறியது. 1986இல் நெற்பயிருக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்து அதிபர் ஆணையிடும் அளவுக்கு நாடு முழுவதும் நிலைமை முற்றியிருந்தது. பாசனத்தோடு இணைந்த நீர்க்கோயில்கள் வகுத்த நடவு முறையில் இருந்த அறிவை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து கணினி மாதிரியமைத்துக் காட்டினார். பூசாரியும் பெகாசேயும் சொன்னதைக் கணினி சொன்ன பிறகே அதிகாரிகள் காதுகொடுத்தார்கள் என்பது நமக்கும் பழக்கமான கதைதான்.

இங்கு விளையும் சிவப்பரிசி, உயரமாக வளரும் உள்ளூர் ரகம். ஆண்டின் தொடக்கத்தில் நட்டு ஜூன், ஜூலை வாக்கில் அறுக்கிறார்கள்; பிறகு வருவது பெரும்பாலும் குட்டையான வெள்ளையரிசி ரகம். சிவப்பு நெல்லின் கதிரை, விரலிடுக்கில் அடங்கும் அனி-அனி என்ற சிறு கத்தியால் தாளோடு கொய்து, கட்டாகக் கட்டிக் குதிரில் ஏற்றுவது பழைய வழக்கம். இந்த அரிசியை வறுத்துக் காய்ச்சிய தேநீர் வீடுகளிலும் கடைகளிலும் கிடைக்கும். லேசாகத் தீய்ந்த மணமும் பின்னால் வரும் மெல்லிய இனிப்புமாக, மாலைக் குளிருக்கு அது நன்றாக இருக்கிறது. ஒரு பொட்டலம் அரிசி வாங்கி வருவது தகும். இரவே ஊறவைத்தால்தான் பதமாக வேகும்.

உணவகங்களைப் பற்றி இவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது. சாலையோரத்துப் பெரிய உணவகம் ஒன்றில் பேருந்துக் கூட்டத்துக்கென வைத்திருந்த மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. விலையோ காட்சிக்கும் சேர்த்துப் போட்டது. தங்கும் வீட்டில் கிடைத்த சிவப்பரிசிச் சோறு, தேங்காய்த் துருவல் போட்டுப் பிசறிய காய், வறுத்த தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) ஆகியவை அதைவிடப் பல மடங்கு மேலானவை. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்கறிப் பண்டங்களிலும் சம்பலிலும் தெராசி எனப்படும் இறால் விழுது சேர்வது இயல்பு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் தவிர்த்துச் சமைத்துத் தருகிறார்கள்.

இந்த உணவகங்களே ஊரின் பெரிய சிக்கலும் ஆகும். காட்சியைக் காட்டிப் பிழைக்கும் கட்டடங்கள் அந்தக் காட்சியிலேயே முளைக்கின்றன. அவற்றில் சில உள்ளூர் நிலக்காரர்களுக்கே சொந்தமானவை. 2025 டிசம்பரில் வயல்பகுதியில் விதிமீறிக் கட்டியதாகச் சொல்லி அதிகாரிகள் சில கட்டடங்களுக்கு முத்திரையிட்டபோது, விவசாயிகள் தங்கள் வயலிலேயே தகரத் தகடுகளை நிறுத்தி எதிர்ப்புக் காட்டினார்கள். பயணிகள் படம் எடுக்க வரும் பசுமைக்கு நடுவே தகரம் பளபளத்தது. நெல் மட்டும் போட்டுக் குடும்பம் நடத்த முடியாதவரிடம், உலகத்துக்காக வயலை வயலாகவே வைத்திரு என்று சொல்வதற்கு யாராவது விலை கொடுத்தாக வேண்டும். நுழைவுச்சீட்டு அந்த விலையில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். ஆகவே கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்தல்ல, விவசாயியின் கைக்குப் போகும் பங்கைக் கூட்ட வேண்டும் என்பதே.

பொதுப் பேருந்து இல்லை. பாலியின் சுற்றுலா நகரான உபுதிலிருந்து வாடகை வண்டியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பகலில் வந்து திரும்புவோர் நடுவெயிலில் கூட்டத்தோடு நிற்க வேண்டிவரும், பிற்பகலில் மலையிலிருந்து மழை இறங்குவதும் சகஜம். ஓர் இரவு தங்கி, விடிந்ததும் நடக்கத் தொடங்குவதே சரி. முற்றிய சிவப்பு நெல்லைப் பார்க்க ஜூன் மாதம் ஏற்றது; அறுவடை முடிந்தபின் போனால் தாளும் சேறும் மேயும் வாத்துகளும்தான் இருக்கும், அதில் குறை காண்பவர்கள் தேதியை விசாரித்துவிட்டுக் கிளம்பலாம். ஊஞ்சலில் ஆடிப் படம் எடுப்பது மட்டுமே நோக்கமானால், உபுதுக்குப் பக்கத்திலேயே தெகல்லாலாங் என்ற படிவயல் ஊர் இருக்கிறது. இவ்வளவு தூரம் மலையேற வேண்டியதில்லை.