அடைத்த காதும் திறந்த காதும்

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நடத்துநரின் குரலும் கேட்க வேண்டும், காதில் பாட்டும் ஓட வேண்டும் என்பவருக்கு இரண்டு வழிகள் உள்ளன: காதை அடைத்துக்கொண்டு வெளியொலியை மைக் வழியே உள்ளே விடும் இயர்பட்ஸ், காதுத்துளையை அடைக்காத திறந்தவகைக் கருவி.

முதல்வகையின் சிக்கல் இயற்பியலில் இருக்கிறது. ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ள காதுக்குழாய், திறந்திருக்கையில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் தானாகவே உயர்த்தித் தருகிறது; அடைத்தவுடன் அவ்வுயர்வு மறைந்துவிடுவதால், சுரவாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் அதை ஈடுசெய்யாவிட்டால் பேச்சு மங்கலாகக் கேட்கும். அதோடு, செயலாக்கத்தில் சில மில்லிநொடிகள் தாமதித்து வரும் ஒலி, இடுக்கு வழியே நேரே கசியும் ஒலியுடன் கலக்கும்போது, சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தகரக்குழாய்க்குள் பேசுவது போன்ற சாயல் பிறக்கிறது. தன் குரலே குடத்துக்குள் முழங்குவதும் அடைப்பின் விளைவுதான்.

திறந்தவகையில் இத்தொல்லைகள் இல்லை. ஆனால் தாழ்சுரம் வெளியே கசிவதால் தவிலோசை சோடைபோகும். ஈக்வலைசரில் எவ்வளவு ஏற்றினாலும் சிறிய ஸ்பீக்கர் கரகரக்குமே தவிர நிறைவு வராது. செவித்துணைக் கருவிகளிலும் இதே கணக்குத்தான்: உயர்சுரம் மட்டும் குறைந்தவருக்குத் திறந்த முனை, கடும் குறைபாட்டுக்கு, ஒலி கசிந்து மைக்குக்குத் திரும்பி விசிலடிக்காதபடி இறுக அடைக்கும், காதளவுக்கு வார்த்த அச்சு.

மாசி வீதிகளில் வண்டிகளுக்கிடையே நடப்பவருக்குத் திறந்தவகையையே சொல்வேன். சித்திரைத் திருவிழாவின் ஒலிபெருக்கி இரைச்சலில் மட்டும் அடைப்பதே மேல்.