போன் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது: பல வருடம் செய்து பார்த்ததில் தெரிந்தவை

வைஃபை, கிளவுட், விதவிதமான ஆப்கள் என்று எவ்வளவோ வந்துவிட்டன. நானும் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனாலும் போனில் சேர்ந்துபோன படங்களை மொத்தமாக எடுத்துக் கம்ப்யூட்டரில் வைக்க நான் நம்புவது இன்றைக்கும் யுஎஸ்பி கேபிளைத்தான். வேகம் மட்டும் காரணம் இல்லை. எது வந்தது, எது வரவில்லை என்று நானே கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிகிறது, எனக்கு அது போதும். ஏனென்றால் இந்த விஷயத்தில் காப்பி செய்வது சின்ன வேலை. போனிலிருந்து இனி அழிக்கலாமா என்று முடிவெடுப்பதுதான் பெரிய வேலை, அதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

முதலில் கேபிள். போனைக் கம்ப்யூட்டரில் சொருகியதும் சார்ஜ் ஏறுகிறது, பேட்டரியில் மின்னல் குறி வருகிறது, ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் ஒரு சத்தமும் இல்லை என்றால் டிரைவர் மென்பொருளைத் தேடி அலையாதீர்கள், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, டேட்டாவுக்கு இரண்டு கம்பி இருக்கும். விலை மலிவான சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் அந்த டேட்டா கம்பிகளே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால் டேட்டா போகும் என்று உறுதியான ஒரு கேபிளைத் தனியாக எடுத்து, அதன் தலையில் ஒரு கலர் டேப் சுற்றி வைத்திருக்கிறேன், இந்த வேலைக்கு அது மட்டும்தான். கேபிள் சரியாக இருந்தும் ஆட்டினால் விட்டுவிட்டு வருகிறது என்றால் போனின் சார்ஜிங் ஓட்டைக்குள் பஞ்சுபோல் தூசி அடைந்திருக்க வாய்ப்பு அதிகம். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் மெதுவாக எடுத்தால் போதும். உலோக ஊசி வேண்டவே வேண்டாம்.

டைப்-சி கேபிள் என்றாலே வேகம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டும்தான். போனோடு வரும் கேபிள்கள் பெரும்பாலும் உள்ளே யுஎஸ்பி 2.0 தான், அதாவது ஏட்டளவில் நொடிக்கு 480 மெகாபிட், நடைமுறையில் நொடிக்கு 30, 40 மெகாபைட் வந்தாலே நல்லது. யுஎஸ்பி 3 வேகம் வேண்டுமானால் போன், கேபிள், கம்ப்யூட்டரின் போர்ட் மூன்றுமே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 2023-இல் வந்த ஐபோன் 15-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், டைப்-சி வந்துவிட்டது, ஆனால் சாதாரண 15-இல் வேகம் யுஎஸ்பி 2 அளவுதான். 15 ப்ரோவில் நொடிக்கு 10 ஜிகாபிட் வரை போகும், ஆனால் அதற்குரிய கேபிளைத் தனியாக வாங்க வேண்டும், பெட்டியில் வருவது யுஎஸ்பி 2 கேபிள்.

கேபிள் சரி, கம்ப்யூட்டரில் போனின் பெயரும் தெரிகிறது, திறந்தால் உள்ளே காலி. இதைப் பார்த்துப் படமெல்லாம் போய்விட்டது என்று பதறிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் போகவில்லை. ஆண்ட்ராய்டு போன் கம்ப்யூட்டரோடு சேர்ந்ததும் சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொள்ளும், படங்களைக் காட்டாது, பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். போனின் லாக்கைத் திறந்து, மேலிருந்து நோட்டிபிகேஷனை இழுத்தால் யுஎஸ்பி பற்றி ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு, ஃபைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஃபோல்டர்கள் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய அலுப்பாக இருந்தால் போன் செட்டிங்ஸில் உள்ள டெவலப்பர் ஆப்ஷனில் யுஎஸ்பியின் இயல்பு நிலையை மாற்றி வைக்கலாம். நான் மாற்றவில்லை, கண்ட கண்ட கம்ப்யூட்டரில் சார்ஜ் போட நேர்ந்தால் போன் வாயை மூடிக்கொண்டு இருப்பதே நல்லது. ஐபோனில் இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று ஒரு கேள்வி வரும், நம்பலாம் என்று சொல்லி பாஸ்கோடு போட்டால்தான் படங்கள் தெரியும். விண்டோஸில் 'N' எடிஷன் என்று, மீடியா வசதிகள் இல்லாத ஒரு வகை இருக்கிறது, அதில் மீடியா ஃபீச்சர் பேக்கைத் தனியாகப் போடாவிட்டால் போன் ஒழுங்காகத் தெரியாது. இதை அறியாமல் கேபிள் மேல் கேபிளாக வாங்குபவர்களுக்காகச் சொல்கிறேன்.

பழைய ஆண்ட்ராய்டு போன்கள் கம்ப்யூட்டரில் பென்டிரைவ் மாதிரியே வந்து உட்காரும், நினைவிருக்கும். அப்போது மெமரி கார்டு முழுக்கக் கம்ப்யூட்டரின் கைக்குப் போய்விடும், அந்த நேரத்தில் போனுக்கு அதைத் தொட வழி இருக்காது, கேலரி காலியாகத் தெரியும். 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 காலத்திலிருந்து எம்டிபி என்ற முறைக்கு மாறினார்கள். இதில் சேமிப்பிடம் போனின் கையிலேயே இருக்கும், கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்கும், போன் எடுத்துக் கொடுக்கும். கடைக்காரரிடம் சீட்டைக் கொடுத்துச் சாமான் வாங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், நாமே உள்ளே போய் அலமாரியைத் துழாவ முடியாது. இது புரிந்துவிட்டால் எம்டிபியின் எல்லா எரிச்சல்களுக்கும் காரணம் புரிந்துவிடும். ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் படம் இருந்தால் திறக்கவே நேரம் ஆகும், பச்சைக் கோடு மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் போனிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பொறுமையிழந்து நாலு பக்கம் கிளிக் செய்தால் இன்னும் மோசமாகும். தம்ப்நெயில் காட்டும் வியூவை விட்டு, வெறும் பட்டியல் வியூவுக்கு மாற்றிக்கொண்டால் ஓரளவு தேவலை. போனுக்கு C:, D: போன்ற டிரைவ் எழுத்து கிடையாது, அதனால் விண்டோஸில் வழக்கமான பேக்கப் மென்பொருள்கள் பலவற்றுக்குப் போன் இருப்பதே தெரியாது.

இங்கேதான் என் முதல் பிடிவாதம். எம்டிபியில் கட் செய்து பேஸ்ட் செய்யவே கூடாது, காப்பி மட்டும்தான். நடுவில் கேபிள் அசைந்தாலோ லேப்டாப் தூங்கிப்போனாலோ எது போனது எது நின்றது என்பது குழப்பமாகிவிடும். காப்பி என்றால் பாதியில் நின்றாலும் மூலம் போனிலேயே பத்திரமாக இருக்கும், திரும்ப ஆரம்பித்துக்கொள்ளலாம். பெரிய வீடியோ ஒன்று நடுவில் வரும்போது முன்னேற்றக் கோடு ஒரே இடத்தில் நின்றுவிட்டது போல இருக்கும். பெரும்பாலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும், விட்டுவிடுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, ஸ்லீப் போகாமல் வைத்துவிட்டு எழுந்து போய் வேறு வேலை பார்ப்பேன்.

எந்த ஃபோல்டரை எடுப்பது? கேமரா படங்கள் சேரும் டிசிஐஎம் (DCIM) என்ற ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தால் பாதிதான் வந்திருக்கும். கேமராவில் எடுத்தவை அதற்குள் கேமரா என்ற ஃபோல்டரில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் சில போன்களில் டிசிஐஎம்முக்குள்ளேயும் சிலவற்றில் பிக்சர்ஸுக்குள்ளேயும் இருக்கும். இறக்கியவை டவுன்லோடில். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் படங்கள் இருப்பது ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள், அதில் மீடியாவுக்குள், அதில் வாட்ஸ்அப்பின் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள். தேடாமல் கண்ணில் படாது. குடும்ப விசேஷப் படங்களில் நல்லவை பாதி அடுத்தவர் போனில் எடுத்து நமக்கு அனுப்பியவைதான், அவை எல்லாம் இங்கேதான் கிடக்கும் என்பதால் இதை நான் விடுவதே இல்லை. அப்புறம் ஒன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போகும், எடுத்த தேதி, இடம் போன்ற உள் விவரங்களும் கழன்றுவிடும். அசல் வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தேதி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. காப்பி செய்த பிறகு ஃபைலின் தேதியைப் பார்த்தால் சில சமயம் எல்லாமே இன்றைய தேதியாக நிற்கும். படம் எடுத்த உண்மையான தேதி படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற குறிப்பில் எழுதப்பட்டிருக்கும், அது மாறாது. எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் தேதிக்குப் பதிலாகப் படம் எடுத்த தேதிப்படி வரிசைப்படுத்தினால் சரியாக வரும். வாட்ஸ்அப் படங்களில் அந்தக் குறிப்பு இல்லை என்றாலும் ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயரிலேயே படம் வந்த வருடம், மாதம், நாள் இருக்கும், அதனால் பெயரை மாற்றாமல் அப்படியே வையுங்கள்.

ஐபோன் கதை கொஞ்சம் வேறு. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து படங்கள் ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன, இடம் குறைவாகப் பிடிக்கும், தரம் நன்றாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது போனே அதை ஜேபெக்காக மாற்றித் தரும் வசதியும் உண்டு, அதுதான் பல நேரம் தலைவலி. மாற்றிக்கொண்டே அனுப்புவதால் நடுவில் நின்றுபோய், சாதனம் இயங்கவில்லை என்கிற மாதிரி ஒரு பிழைச்செய்தியை விண்டோஸ் காட்டும். செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியில் அடியில் போனால் மேக் அல்லது பிசிக்கு மாற்றுவது என்று இருக்கும், அதில் ஆட்டோமேட்டிக்கை விட்டு அசலை அப்படியே வைப்பது என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஹெச்இஐசியைத் திறக்க விண்டோஸில் அதற்கான எக்ஸ்டென்ஷன்கள் வேண்டும், மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இருக்கின்றன. லைவ் போட்டோ என்றால் ஒரு படமும் ஒரு சின்ன வீடியோவுமாக இரண்டு ஃபைல் வரும், குப்பை என்று நினைத்து வீடியோவை அழித்துவிட வேண்டாம். இடத்தை மிச்சப்படுத்தும் வசதி ஐகிளவுடில் போட்டிருந்தால் அசல் படங்கள் போனிலேயே இருக்காது, கேபிளில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஐகிளவுடிலிருந்துதான் இறக்க வேண்டும்.

மேக்கில் ஐபோனுக்கு இமேஜ் கேப்சர் என்று கூடவே வரும் சின்ன மென்பொருள் ஒன்றே போதும், எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்ட்ராய்டை மேக்கில் சொருகினால் தானாகத் தெரியாது, ஓப்பன்எம்டிபி போல ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். லினக்ஸில் இன்றைய டெஸ்க்டாப்கள் பலவற்றில் சொருகியதும் வந்துவிடும்.

பல ஆயிரம் படங்களை ஒரே வீச்சில் எடுக்க வேண்டியிருந்தால் நான் எம்டிபியை விட்டு ஏடிபிக்குப் (ADB, கம்ப்யூட்டரில் கட்டளை தட்டி ஆண்ட்ராய்டு போனோடு பேசும் கருவி) போய்விடுவேன். கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸை இறக்கி, போனின் டெவலப்பர் ஆப்ஷனில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கினால், ஒரே ஒரு 'pull' கட்டளையில் டிசிஐஎம் முழுவதும் வந்துவிடும். தேதியை அப்படியே வைத்துக்கொள்ளும் தெரிவும் அதிலேயே உண்டு, கடைசியில் எத்தனை ஃபைல் வந்தது என்றும் சொல்லும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு முறை பழகினால் மறுபடி எக்ஸ்ப்ளோரரில் உட்கார மனமே வராது. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிட வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

பத்து இருபது படம்தான் என்றால் கேபிளை எடுப்பதே இல்லை. லோக்கல்சென்ட் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் ஆப் இரண்டு பக்கமும் இருந்தால் ஒரே வைஃபைக்குள் நேராகப் போய்விடும், இணையத்துக்கே போகாது. ஐபோன், ஆண்ட்ராய்டு, விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடுகிறது. நியர்பை ஷேர் என்று இருந்து 2024-இல் பெயர் மாறிய குயிக் ஷேரும் ஆண்ட்ராய்டு, விண்டோஸுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. புளூடூத்தில் மட்டும் படம் அனுப்ப உட்காராதீர்கள், அதன் வேகத்துக்கு ஒரு வீடியோ போகவே விடிந்துவிடும்.

கிளவுட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். கிளவுட் வசதியானதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களையெல்லாம் 15 ஜிபி இலவசக் கணக்கில் சேர்க்க ஆரம்பித்தது. படம் வளர்வது நிற்காது, இடம் அப்படியே நிற்கும். இன்னொன்று, பேக்கப் ஆன படத்தைப் போனின் கூகுள் போட்டோஸில் அழித்தால் கிளவுடிலும் சேர்ந்தே போகும், இதைத் தெரியாமல் இடம் காலி செய்பவர்கள் ஏராளம். போனில் மட்டும் காலி செய்ய அதிலேயே தனியாக ஒரு வசதி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இனி அழிப்பது. காப்பி முடிந்ததும் போன் ஃபோல்டரில் எத்தனை ஃபைல், கம்ப்யூட்டர் ஃபோல்டரில் எத்தனை ஃபைல், மொத்த அளவு எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிடுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அளவின்படி வரிசைப்படுத்தி, பூஜ்ஜியம் பைட்டில் ஏதாவது நிற்கிறதா என்று பார்ப்பேன், பாதியில் நின்ற ஃபைல் சில சமயம் அங்கே மாட்டும். ஆரம்பம், நடு, கடைசி என்று சில படங்களையும் பெரிய வீடியோக்களையும் திறந்து ஓட்டிப் பார்ப்பேன், வீடியோவைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு அதே ஃபோல்டர் வெளியே உள்ள இன்னொரு ஹார்ட் டிஸ்குக்கும் போகும். அந்த டிஸ்கின் ஃபார்மேட் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது, எக்ஸ்ஃபேட் ஆக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் போனில் கை வைப்பேன், அதுவும் அன்றைக்கே இல்லை.

அழிப்பதைக் கம்ப்யூட்டர் வழியாகச் செய்வதில்லை. விண்டோஸில் போன் ஃபோல்டரைத் திறந்து டெலிட் அடித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். போனின் கேலரியிலேயே அழித்தால் பெரும்பாலான போன்களில் 30 நாள் ட்ராஷில் கிடக்கும், ஐபோனிலும் சமீபத்தில் நீக்கியவை என்ற ஆல்பத்தில் இருக்கும். உடனே இடம் வேண்டும் என்று அந்த ட்ராஷைக் காலி செய்யாமல் விட்டுவிடுகிறேன், அந்த 30 நாளுக்குள் எந்தப் படமாவது காணவில்லை என்று வீட்டில் யாராவது கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடலாம்.