மலரைப் படமாக்க ஸ்கேனரா, சயனோடைப்பா?

கேமரா இல்லாமலே செடிகொடிகளைக் கலைப்படமாக்க விரும்புவோருக்கு எளிதில் கைக்கு எட்டும் வழிகள் இரண்டு: ஆவணங்களை நகலெடுக்கும் தட்டை ஸ்கேனர், 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் என்னும் நீல அச்சு. எதைத் தேர்வது என்பதை, எடுத்துக்கொண்ட செடியின் தடிமனே பெரும்பாலும் முடிவு செய்கிறது என்பது என் கருத்து.

ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஆகியவற்றின் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டிய பின் தண்ணீரில் அலசினால், ஒளி பட்ட இடம் நீலமாக நிலைக்கும். இலை மறைத்த இடம் வெளுத்து நிற்கும். 1843 முதல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆனா அட்கின்ஸ் பிரிட்டனின் கடற்பாசிகளை இப்படித்தான் அச்சிட்டு நூலாக்கினார். பாசியின் மெல்லிய மடல் வழியே சிறிது ஒளி ஊடுருவுவதால், மடிப்பு விழுந்த இடமும் விழாத இடமும் வெவ்வேறு நீலமாகப் பதிகின்றன. பெரணிக்கும் இது பொருந்தும். செம்பருத்தியை வைத்தாலோ, நடுப்பகுதி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது.

அந்தச் செம்பருத்திக்கு ஸ்கேனர்தான் ஏற்றது. ஆனால் எல்லா ஸ்கேனரும் அல்ல. மெலிந்த உடலுள்ள சிஐஎஸ் (ஒளி உணரி கண்ணாடியை ஒட்டியே இருப்பது) வகையில் கண்ணாடியைத் தொடும் பகுதி மட்டுமே தெளிவாக விழும். லென்ஸும் ஒளியைப் பிரதிபலிக்கும் ஆடிகளும் கொண்ட, சற்றுப் பருத்த சிசிடி வகை, மேலே எழும்பி நிற்கும் இதழையும் ஓரளவு தெளிவாகக் காட்டும். பழையதாகக் கிடைத்தாலும் இதையே வாங்க வேண்டும். ஏ4 அளவை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்தால் ஏறத்தாழ மூன்றரைக் கோடி பிக்சல்கள் கிடைக்கின்றன. அறை விளக்கை அணைத்து, ஸ்கேனர் மூடியைத் திறந்தே விட்டு, பூவைக் குப்புறத் தொங்கவிட்டு எடுக்கையில், மகரந்தத் தண்டின் மஞ்சள் துகள்கள் ஒவ்வொன்றும் மணிமணியாகத் தெரிய, இதழ்கள் பின்னோக்கிச் செல்லச் செல்ல இருளில் கரைகின்றன. பூவைக் கண்ணாடிமேல் அப்படியே கிடத்தியபோது இதழ் நசுங்கியதும், உதிர்ந்த மகரந்தத்தை விரலால் துடைத்து மஞ்சள் கறையாக இழுத்துவிட்டதும் என் முதல் முயற்சியின் தவறுகள். அதன்பின் நூலில் கட்டித் தொங்கவிடுகிறேன்.

இரண்டையும் இணைக்கவும் முடியும். ஸ்கேன் செய்த படத்தை நெகட்டிவாக மாற்றி, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டு, அதைச் சயனோடைப் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் மகரந்தத் துகளும் நீலத்தில் பதிகிறது. ஆயினும் சிவப்பு போய்விடுகிறது. செம்பருத்தியில் அந்த இழப்பை என்னால் ஏற்க முடியவில்லை.